இல்லை என்று சொல்லாத வள்ளல்கள்

இல்லை என்ற சொல்லை நாவால் சொல்லாதவனையே வள்ளல் என்று நம் புலவர்கள் பாடினார்கள். முல்லைக்குத் தேர் கொடுத்தவனும் மயிலுக்குப் போர்வை கொடுத்தவனும் போனதோடு அந்தக் குலம் அற்றுவிட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியொன்றும் ஆகிவிடவில்லை. கனடாவின் வான்கூவர் நகரில், வைரமும் தாதுவும் தேடப் புறப்பட்ட சிறு கம்பெனிகளின் ஆலோசனைக் குழுக்களில் அது செழித்துக்கொண்டிருக்கிறது. நாற்பது ஆண்டு அனுபவம் கொண்ட நிலவியல் நிபுணர்கள். நரைத்த தாடி, வெயிலில் சிவந்த முகம், பின்னணியில் ஒரு ஹெலிகாப்டர். ‘எங்கள் நிலத்தில் வைரம் உண்டா?’ என்று எந்தக் கம்பெனி வந்து கேட்டாலும் வெறுங்கையோடு அனுப்பாதவர்கள்.

இந்த ஈகையின் அருமை தெரிய வேண்டுமானால் வைரத்தின் கஞ்சத்தனம் தெரிய வேண்டும். பூமிக்கடியில் ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கும் கீழே அது உருவாகிறது. கிம்பர்லைட் என்ற எரிமலைக் குழம்பு எந்தக் காலத்திலோ அதை வாரிக்கொண்டு மேலே வந்திருக்க வேண்டும். அதுவும் கண்டத்தின் மிகப் பழைய, மிகத் தடித்த அடித்தளத்தைத் துளைத்து வந்திருந்தால்தான் நல்லது. அப்படி வந்த குழாய்களிலும் பெரும்பாலானவற்றில் வைரம் இராது. இருப்பவற்றிலும் தோண்டும் கூலிக்குக் கட்டுவது சொற்பம். உலகில் கண்டறிந்த கிம்பர்லைட்டுகளில் நூற்றுக்கு ஒன்று சுரங்கமாகத் தேறினால் அதிகம். ஆகவே, அனுபவசாலியின் வேலை என்பதே பெரும்பாலான நேரங்களில் ‘இங்கே ஒன்றுமில்லை, மூட்டையைக் கட்டுங்கள்’ என்று சொல்வதுதான் என வாதிடும் ஒரு கூட்டம் உண்டு. அது கஞ்சர்களின் கூட்டம். அவர்களைப் பிறகு கவனிப்போம்.

முதலில் வள்ளலின் படைக்கலத்தைப் பாருங்கள். அவருடைய சுத்தியல் எண்ணெய் பூசப்பட்டு, பித்தளைப் பட்டயம் பதித்து, அலுவலகக் கண்ணாடிப் பேழைக்குள் பளபளவென்று இருக்கிறது. வடதுருவத்துச் சதுப்பில் கொசுக்கடியோடு மண் அள்ளும் இளைஞனின் சுத்தியலோ முனை மழுங்கி, பிடி தளர்ந்து, எப்போது பார்த்தாலும் பழுதுபார்க்கப் போயிருக்கிறது. எது மேலான கருவி என்று சொல்ல ஓர் ஔவை தேவையில்லை.

இவர் ஆலோசனை சொல்லும் கம்பெனிக்கு ‘ஜூனியர்’ என்று பெயர். அதற்குச் சுரங்கம் கிடையாது, வருமானம் கிடையாது, விற்கச் சரக்கும் கிடையாது. பனிப்பாலையில் சில ஆயிரம் ஹெக்டேருக்கு உரிமைச் சீட்டு, நகரத்தில் ஒரு வாடகை அறை, பங்குச் சந்தையில் நான்கெழுத்துக்குள் ஒரு குறியீடு, அவ்வளவுதான். அது விற்பது தன் பங்குகளை மட்டுமே. அந்தப் பங்கை வாங்க ஒரு பல் மருத்துவருக்கோ பள்ளி ஆசிரியருக்கோ ஏதாவது ஒரு காரணம் வேண்டாமா? அந்தக் காரணமாகத் தம்மையே தானம் செய்கிறார் நம் நிபுணர். இன்னின்ன மாபெரும் வைரக் கண்டுபிடிப்பின்போது அந்தக் குழுவில் இருந்தவர் என்று அவருடைய குறிப்பு சொல்லும். பெரிய கண்டுபிடிப்பு ஒவ்வொன்றிலும் இருந்த கூடாரங்களை எண்ணி, அங்கே இருந்ததாகச் சொல்பவர்களையும் எண்ணினால், ஒரு கூடாரத்துக்கு எத்தனை பேர் என்று கணக்கிடத் திகைப்பாக இருக்கும். நெருக்கியடித்துக்கொண்டு அறிவியல் வளர்த்திருக்கிறார்கள், பாவம்.

இந்தக் குலத்துக்கு மூலபுருஷர் உண்டு. 1870-களின் தொடக்கம். கென்டக்கியைச் சேர்ந்த பிலிப் ஆர்னால்டு, ஜான் ஸ்லாக் என்ற உறவினர் இருவர், அமெரிக்க மேற்கில் எங்கோ வைர வயல் கண்டதாகச் சொல்லி ஒரு பை நிறைய கற்களோடு சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தார்கள். கலிபோர்னியா வங்கியின் வில்லியம் ரால்ஸ்டன் முதலான பெருந்தனக்காரர்கள் மயங்கினார்கள். நியூயார்க்கின் நகைக்கடைப் பெரியவர் சார்லஸ் டிஃபனி மாதிரிக் கற்களைப் பார்த்து 1,50,000 டாலர் பெறும் என்றார். பட்டை தீட்டாத கல்லில் அவருக்கு அவ்வளவு பழக்கமில்லை என்பது வேறு விஷயம். நிலத்தை நேரில் பார்க்க ஹென்றி ஜானின் என்ற சுரங்கப் பொறியாளரை அமர்த்தினார்கள். அறுநூறு சுரங்கங்களைச் சோதித்தவர், ஒரு முறையும் ஏமாறாதவர் என்று அவருக்குப் பெயர். 2,500 டாலர் கட்டணம், கூடவே ஆயிரம் பங்கு.

ஜானின் போனார், தோண்டினார். தோண்டிய இடத்திலெல்லாம் வைரம், மாணிக்கம், மரகதம், நீலம். மகிழ்ந்து அறிக்கை கொடுத்தார். விருந்தாளிக்குப் பிடித்ததை எல்லாம் ஒரே இலையில் பரிமாறிய நிலத்தைச் சந்தேகிப்பது மரியாதையல்லவே. பிற்பாடு தம் பங்குகளை நல்ல விலைக்குக் கொடுத்தும்விட்டார். இன்றைய ஆலோசகர் மரபின் மூன்று இலட்சணங்களும் அன்றே அமைந்துவிட்டதைக் கவனியுங்கள்: முன்னே வரும் பெயர், கட்டணத்தோடு பங்கு, குட்டு உடையும் முன் விற்பனை.

குட்டை உடைத்தவர் முதல் கஞ்சர், கிளாரன்ஸ் கிங். அரசின் நாற்பதாம் இணைகோட்டு நில அளவைக்குத் தலைவர். கொலராடோவின் வடமேற்கு மூலையில் அந்த மேட்டைத் தாமே தேடிக் கண்டுபிடித்து, நவம்பர் குளிரில் மண்டியிட்டுச் சலித்தார். இயற்கையில் ஒன்றாகப் பிறக்காத கற்கள் எப்படி ஒரே பிடி மண்ணில் இருக்கின்றன என்று கேட்டார். எறும்புப் புற்றுகளில் யாரோ குச்சியால் குத்திய துளையிருந்த புற்றில் மட்டும் கல் இருந்தது. எறும்பு தானே கட்டிய புற்றில் மண்தான் இருந்தது. லண்டனில் மலிவாக வாங்கிய கழிவுக் கற்களை ஆர்னால்டு தூவியிருக்கிறார். கிங்குக்கு அந்தக் கம்பெனியில் ஒரு பங்கும் இல்லை. பங்கில்லாத மனிதனுக்குப் பாறையைத் தவிர வேறென்ன கண்ணில் படும்?

இரண்டாவது கஞ்சர் தென்னாப்பிரிக்கர், கேப் டவுன் பல்கலைக்கழகத்து ஜான் குர்னி. வைரத்தோடு கூடவே மேலே வரும் செந்நிறக் கார்னெட் மணிகளை அவர் ஆராய்ந்தார். குரோமியம் மிகுந்து கால்சியம் குறைந்த ஒரு வகைக் கார்னெட் வைரம் உள்ள குழாய்களோடு சேர்ந்து வருகிறது என்று காட்டினார். அதாவது ஒரு சிட்டிகை மணலை வைத்துக்கொண்டே, கிம்பர்லைட் இருந்தாலும் அதில் வைரம் இருக்கும் சாத்தியம் குறைவு என்று சொல்லிவிட வழி செய்தார். ‘இல்லை’ என்று சொல்ல ஒரு கருவியையே செய்து கொடுத்த இந்த மனிதரை வள்ளல்கள் எப்படி மன்னிப்பார்கள்?

அந்தக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு சக் ஃபிப்கியும் ஸ்டூவர்ட் புளூசனும் கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில் பத்து ஆண்டு மண் சலித்தார்கள். பனியாறு ஒரு காலத்தில் கிழக்கிலிருந்து மேற்கே மணிகளை அரைத்து இழுத்துச் சென்றிருக்கிறது. அந்தத் தடத்தைப் பின்னோக்கிப் பிடித்து, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கிழக்கே போனார்கள். தடம் லாக் டி க்ரா ஏரிப் பக்கம் திடீரென்று நின்றது. 1991-இல் அங்கே துளையிட்டு எடுத்த 59 கிலோ பாறையில் 81 சிறு வைரங்கள் இருந்தன. எகாட்டி என்ற கனடாவின் முதல் வைரச் சுரங்கம் 1998-இல் திறந்தது. முதன்முதலில் துளையிட்ட குழாயைத் தோண்டி அல்ல, அக்கம்பக்கத்தில் பிறகு கண்டவற்றைத் தோண்டி. பத்து வருடம், ஏரிகள், கொசு, கடன், கார்னெட். எவ்வளவு சுற்று வழி! நம் வள்ளல்களுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை.

அவர்கள் கண்டது நேர்வழி. 1991 நவம்பரில் அந்தச் செய்தி வெளியானதும், லாக் டி க்ராவைச் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை உரிமைக் கட்டைகள் முளைத்தன. வைரம் கிடைத்த நிலத்துக்குப் பக்கத்து நிலம், பக்கத்து நிலத்துக்குப் பக்கத்து நிலம் என்று வரைபடம் நிரம்பியது. ‘எகாட்டியிலிருந்து இத்தனை கிலோமீட்டரில்’ என்பதே ஒரு நிலவியல் சான்றாயிற்று. பாறையைப் படித்தவர்கள் பாறை அண்டைவீட்டுச் சொந்தம் பாராட்டாது என்பார்கள். அனுபவம் முதிர்ந்தவர்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. கோடீஸ்வரன் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருப்பவனைக் கோடீஸ்வரன் என்று எண்ணும் பெருந்தன்மை எல்லாருக்குமா வரும்?

இவர்களுடைய செய்திக்குறிப்பு நடையைத் தனியாகப் பாட வேண்டும். துளையில் கிம்பர்லைட் வந்தால் ‘மிகவும் ஊக்கமளிக்கிறது’. வராவிட்டால் ‘அமைப்பைப் பற்றிய நம் புரிதல் ஆழமாகியிருக்கிறது’. துளை பாதியில் உடைந்து நின்றால் ‘ஆழத்தில் இன்னும் திறந்தே இருக்கிறது’. ஊசிமுனை அளவு வைரத்துகள் நான்கு அகப்பட்டால் எண்ணிக்கை தலைப்பில் வரும், எடை கடைசிப் பத்தியில் வரும். வைரக் குழாயின் தரம் நூறு டன்னுக்கு எத்தனை காரட், அந்தக் காரட் என்ன விலை போகும் என்பதில் இருக்கிறது. இரண்டில் எதையும் நான்கு துகள் சொல்லாது. அதற்கு நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான டன் பெருமாதிரி எடுத்துக் கழுவ வேண்டும். பெருமாதிரியில் ஒரு தொந்தரவு இருக்கிறது: அது விடை சொல்லிவிடும். விடை வந்துவிட்டால் ஆலோசனைக்கு என்ன வேலை? ஆகவே பெருமாதிரியை ‘அடுத்த கட்டம்’ என்று வைப்பதே பண்பு. அடுத்த கட்டத்துக்கு அடுத்த பங்கு வெளியீடு தேவைப்படும்.

ஒரு முறை அவசரப்பட்டுவிட்டார்கள். லாக் டி க்ரா பக்கம் ட்லி குவி சோ என்ற குழாயில் உண்மையிலேயே சுரங்கப் பாதை வெட்டிப் பெருமாதிரி எடுத்தார்கள். 1994 ஆகஸ்டில் விடை வந்தது. எதிர்பார்த்த தரம் இல்லை. பங்குதாரர் கம்பெனிகளின் விலை சரிந்தது, அந்த வட்டாரத்து வைரப் பங்குகள் எல்லாம் கூடவே சரிந்தன. அண்டை நிலத்தின் பெருமையைப் பகிர்ந்துகொண்டவர்கள் துக்கத்தையும் பகிர்ந்துகொண்டார்கள். பிறகு இத்தகைய கம்பெனிகள் பல மனம் தளரவில்லை. வைரம் போனால் நிக்கல், நிக்கல் போனால் இணையம், இணையம் போனால் கஞ்சா, அதுவும் போனால் லித்தியம் என்று பெயரை மாற்றிக்கொண்டன. நிலமும் ஆளும் மாறினாலும் ஆலோசகரின் அனுபவம் மட்டும் ஒவ்வொரு தடவையும் அச்சாகப் பொருந்தியது.

வள்ளல்கள் ‘இல்லை’ என்ற சொல்லையே அறியாதவர்கள் என்று சொன்னால் பொய்யாகும். நிபுணர் உலகம் ஒரு விஷயத்தில் நெடுங்காலம் ஒரே குரலில் அதைச் சொல்லிவந்தது: கிம்பர்லைட் அல்லாத எரிமலைப் பாறையில் வணிகத்துக்கு ஏற்ற வைரம் இல்லை. பாடப்புத்தகம் படிக்காத மேற்கு ஆஸ்திரேலியாவின் பாறை அதை மதிக்கவில்லை. 1979-இல் ஆர்கைலில் ஒரு குழாய் கண்டார்கள். அது கிம்பர்லைட் அல்ல, லாம்ப்ரோய்ட். காரட் அளவில் பல ஆண்டுகள் உலகின் மிகப் பெரிய வைரச் சுரங்கமாக இருந்து 2020-இல்தான் மூடிற்று. தங்கள் வாயால் அபூர்வமாகச் சொன்ன ‘இல்லை’யும் இப்படி ஆனபின், அவர்கள் அந்தச் சொல்லை அடியோடு விட்டுவிட்டதில் நியாயம் இருக்கிறது.

போட்ஸ்வானாவில் கட்டணமே கேட்காத ஆலோசகர்கள் இருந்தார்கள். கலஹாரி மணலுக்கு அடியில் கிடந்த குழாய்களை மேலிருந்து பார்க்க வழியில்லை. ஈரம் தேடி ஆழத்துக்கு இறங்கும் கறையான்கள் புற்றுக்கு மண் சுமந்து வரும்போது கார்னெட்டையும் இல்மனைட்டையும் சேர்த்துத் தூக்கி வந்தன. டி பியர்ஸ் ஆட்கள் அந்த மணிகளைத் தொடர்ந்து 1967-இல் ஓராபாவையும், பிறகு மணல் போர்த்தியிருந்த ஜ்வானெங்கையும் கண்டார்கள். கறையானுக்கு நாற்பது ஆண்டு அனுபவமும் இல்லை, புகைப்படமும் இல்லை. கீழே இருப்பதை மேலே கொண்டுவரும், இல்லாததைக் கொண்டுவராது. அது புற்றெடுத்தால் பிறகு குடியேறுவது யார் என்பதை நம் பழமொழி முன்கூட்டியே சொல்லிவிட்டது.

வள்ளன்மையின் பொற்காலம் 1997. கால்கேரியின் டேவிட் வால்ஷ் நடத்திய பிரீ-எக்ஸ் கம்பெனி முதலில் லாக் டி க்ரா பக்கத்தில்தான் வைரம் தேடியது. கிட்டாமல் போகவே இந்தோனேசியாவின் கலிமந்தான் காட்டில் பூசாங் என்ற இடத்துக்குப் போனது. தங்கம். நிலவியலாளர் ஜான் ஃபெல்டர்ஹோஃப் சாதாரண ஆள் அல்லர்; பாப்புவா நியூ கினியின் ஓக் டெடி செம்புக் கண்டுபிடிப்பில் பங்குள்ளவர். களத்தில் மைக்கேல் டி குஸ்மான். அவர்கள் சொன்ன இருப்பு இருபது இலட்சம் அவுன்ஸில் தொடங்கி ஏழு கோடியே பத்து இலட்சம் அவுன்ஸ் வரை வளர்ந்தது. கம்பெனியின் மதிப்பு அறுநூறு கோடி கனடிய டாலர் அளவுக்கு ஏறியது.

துளையிட்டு எடுத்த பாறைத் தண்டை நெடுக்காகப் பிளந்து, பாதியைச் சோதனைக்கு அனுப்பி, பாதியைப் பெட்டியில் வைப்பது தொழில் வழக்கம். பிறகு யாராவது சந்தேகப்பட்டால் மறுபாதி சாட்சி சொல்லும். பூசாங்கில் முழுத் தண்டையும் நொறுக்கி அனுப்பினார்கள். காட்டுக்கு வந்த அனுபவசாலிகள் பலர் இதைப் பார்த்தார்கள். சாட்சி இல்லாத இடத்தில் சாட்சி கேட்பது நாகரிகமல்ல என்று பெருந்தன்மையோடு கணக்கைத் தொடர்ந்தார்கள். இருப்பைக் கணித்தவர்களின் கூட்டல் பெருக்கலில் ஒரு பிழையும் இல்லை. எண்ணப்பட்ட தங்கம்தான் இல்லை. அந்த மார்ச்சில் டொராண்டோவில் ஃபெல்டர்ஹோஃபுக்கு ஆண்டின் சிறந்த தேடுநர் விருது கொடுத்தார்கள்.

அதே மார்ச்சில் கஞ்சர்கள் வந்தார்கள். கூட்டுச் சேர வந்த ஃப்ரீபோர்ட் நிறுவனம், பழைய துளைகளுக்குப் பக்கத்திலேயே தன் துளைகளைப் போட்டுப் பார்த்தது. சொல்லிக்கொள்ளும்படி தங்கம் இல்லை என்றது. மார்ச் 19 அன்று டி குஸ்மான் ஹெலிகாப்டரிலிருந்து விழுந்து இறந்தார். மே மாதம் ஸ்ட்ராத்கோனா என்ற ஆலோசனை நிறுவனத்தின் கிரஹாம் ஃபார்குவார்சன், மாதிரிகளில் வெளியிலிருந்து தங்கம் கலக்கப்பட்டிருக்கிறது, சுரங்க வரலாற்றில் இவ்வளவு பெரிய மோசடி இதுவரை இல்லை என்று அறிக்கை கொடுத்தார். கலந்தது ஆற்றில் அரித்தெடுத்த தங்கம். நீரில் உருண்டு விளிம்பு மழுங்கியிருந்தது. ஆசிரியர் ஓய்வூதிய நிதிகள்வரை பணம் கரைந்தது. யாரும் சிறை போகவில்லை. ஃபெல்டர்ஹோஃப் மீதான பங்குச் சந்தை வழக்கில் 2007-இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஃபார்குவார்சனும் அனுபவசாலிதான், ஆலோசகர்தான். ‘இல்லை’ என்று எழுதக் கை கூசாத ஆலோசகர். அப்படிப்பட்டவரின் படம் போட்டு யார் பங்கு விற்க முடியும்?

இந்தச் சம்பவத்தால் அரசு திருந்தியது. கனடாவில் 2001-இல் 43-101 என்ற விதி வந்தது. இனி தாது பற்றிய தொழில்நுட்பச் செய்தி ஒவ்வொன்றும் ‘தகுதி பெற்ற நபர்’ ஒருவரின் பொறுப்பில் நிற்க வேண்டும். அவருக்குக் குறைந்தது ஐந்தாண்டு அனுபவமும் தொழில்முறைச் சங்க உறுப்பும் வேண்டும். தொழில்நுட்ப அறிக்கை என்றால் இடத்தை நேரில் பார்த்திருக்க வேண்டும். பக்கத்து நிலத்தில் கிடைத்தது நம் நிலத்தைப் பற்றி எதையும் உறுதிசெய்யாது என்ற எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். நல்ல விதி, பல பொய்களை அது தடுத்திருக்கிறது. வள்ளல்களும் அதை மனமார வரவேற்றார்கள், ஏனென்றால் அது வேலையைப் பிரித்துக் கொடுத்தது. கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொள்பவர் ஒருவர். ஆலோசனைக் குழுவில் சிரித்துக்கொண்டிருப்பவர் வேறொருவர். அறிக்கையை வாசித்தவர்கள் குறைவு. படத்தைப் பார்க்காதவர் இல்லை.

இவர்களுடைய ஊதியத்தில்கூட ஒரு துறவு மணக்கிறது. ரொக்கமாக அதிகம் கேட்பதில்லை. இன்றைய விலையில் பின்னொரு நாள் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை போதும் என்கிறார்கள். வைரம் கிடைத்தால் விலை ஏறும். கிடைக்கும் என்ற பேச்சுக்கும் ஏறும். இரண்டாவது சீக்கிரம் நடக்கக்கூடியது, துளையிடும் செலவும் இல்லாதது. விலை இறங்கினால் அந்த உரிமையைக் குப்பையில் போட்டுவிட்டு எழுந்துபோகலாம்; நட்டம் முழுவதையும் நமக்கே விட்டுக்கொடுக்கும் உள்ளம் அவர்களுக்கு உண்டு.

இயக்குநரோ உயர் அதிகாரியோ தன் கம்பெனிப் பங்கை விற்றால் கனடாவில் ஐந்து நாளுக்குள் பொதுப் பதிவேட்டில் அதை ஏற்றியாக வேண்டும். வெறும் ஆலோசகராக இருப்பவருக்குப் பெரும்பாலும் அந்தத் தொல்லை கிடையாது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியக் கூடாது என்று ஈகைக்கு இலக்கணம் சொன்னவர்கள் இவர்களைக் கண்டால் வெட்கப்படுவார்கள். இந்த வள்ளல்களின் வலக்கை கொடுக்கும் நம்பிக்கை நாடு முழுவதும் தெரியும். இடக்கை விற்கும் பங்கு எவருக்கும் தெரியாது.